செட்டின் மீடிறன் நழுவினால்: அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைப் பிடிப்பது

காலை ஆறரை மணி. ஹட்டனில் பனிமூட்டம் இன்னும் விலகவில்லை. அமெச்சூர் ரேடியோவின் 40 மீற்றர் பாண்டில், அதாவது 7 மெகாஹேர்ட்ஸ் பக்கத்தில், யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் பக்கத்து அறையில் இருந்து பேசுவதுபோல் தெளிவாக விழுகிறார். பத்து நிமிடம் போனதும் அவர் குரல் சளி பிடித்தவர் குரல்போல் மாறுகிறது. குமிழைக் கொஞ்சம் திருப்பினால் சரியாகிறது. இன்னும் பத்து நிமிடத்தில் மறுபடியும் அதே சளி. கடைசியில் அவரே சொல்லிவிடுகிறார்: "நீங்கள் நகர்ந்துகொண்டே போகிறீர்கள், கொஞ்சம் கவனியுங்கள்."

மலைநாட்டில் ரேடியோ வைத்திருப்பவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. மலை குறுக்கே நிற்பதால் மிக உயர் மீடிறன் கொண்ட விஎச்எஃப் அலை அடுத்த பள்ளத்தாக்குக்கே போய்ச் சேராது. மேலே போய், வானில் மின்னேற்றம் பெற்ற அடுக்கான அயன மண்டலத்தில் பட்டு நேரே கீழே இறங்கும் 40 மீற்றரும் 80 மீற்றரும்தான் எங்களுக்குக் கைகொடுக்கின்றன. ஐப்பசி மழையில் மண் சரிந்து, வீதி மூடி, போன் கோபுரத்துக்குக் கரண்ட் போன இரவில் அந்த இரண்டு பாண்டும்தான் மிச்சம். அந்த நேரத்தில் செட்டின் மீடிறன், அதாவது அது இயங்கும் அதிர்வெண், தானாக நழுவினால், கேட்பவர் உங்களைத் தேடிக்கொண்டே இருப்பார்.

நழுவும் செட்டைக் கையில் எடுத்தவுடன் பலரும் செய்வது உள்ளே இருக்கும் ட்ரிமரை, அதாவது மீடிறனைச் சரிசெய்யும் சிறு திருகியை, திருகுவது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ட்ரிமரைத் திருகினால் மீடிறன் வேறு இடத்துக்குப் போகும், நழுவல் நிற்காது. உங்களிடம் இருந்த ஒரே அளவுகோலும் போய்விடும். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: மீடிறன் எதோடு சேர்ந்து நகர்கிறது? நேரத்தோடா, அறை வெப்பத்தோடா, வோல்ட்டளவோடா, கை பட்டாலா, அனுப்பும்போது மட்டுமா? பாதிக்கு மேற்பட்ட தடவை, மூடியைத் திறக்க முன்பே இதற்குப் பதில் கிடைத்துவிடும்.

முதலில், நழுவுவது நீங்கள்தானா?

ஒருவர் சொன்னார் என்பதற்காகச் செட்டைக் குற்றம் சொல்ல வேண்டாம். அவருடைய செட்டும் நழுவலாம். இன்னும் இரண்டு நிலையங்களைக் கேட்டுப் பாருங்கள். எல்லோரும் ஒரே பக்கமாக நகர்ந்தால் நகர்வது நீங்கள். ஆர்ஐடி அல்லது கிளாரிஃபையர் குமிழ் தற்செயலாகத் திருகுப்பட்டு நிற்கிறதா என்றும் பாருங்கள். அது பெறும் மீடிறனை மட்டும் மாற்றும், அனுப்பும் மீடிறன் இருந்த இடத்திலேயே இருக்கும். இது தெரியாமல் இரண்டு பேரும் மாறி மாறித் திருத்திக்கொண்டே போனால் அரை மணி நேரத்தில் இருவரும் பாண்டின் பாதித் தூரம் நடந்திருப்பார்கள்.

அப்புறம் ஒரு நல்ல அளவுகோல் வேண்டும். சீனாவின் பிபிஎம் நேர சமிக்ஞை நிலையம் 10 மெகாஹேர்ட்ஸில் ஒலிபரப்புகிறது. அணுக் கடிகாரத்தோடு கட்டிய மீடிறன் அது. எங்கள் பக்கம் பல நாட்களில் நன்றாக விழும். செட்டை யூஎஸ்பியில், அதாவது மேல் பக்கப்பட்டை முறையில், 9.999 மெகாஹேர்ட்ஸில் வையுங்கள். செட் சரியாக இருந்தால் 1000 ஹேர்ட்ஸ் தொனி ஒன்று கேட்கும். போனில் ஒலி அலைமாலை காட்டும் செயலி ஏதாவது ஒன்றைப் போட்டு ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்தால் அந்தத் தொனி எத்தனை ஹேர்ட்ஸ் என்று எண்ணாகவே தெரியும். போனின் சொந்தப் பிழையைப் பற்றிக் கவலை வேண்டாம். அது பத்து இலட்சத்தில் 50 பங்கு பிழை உள்ளதாக இருந்தாலும் 1000 ஹேர்ட்ஸில் அது 0.05 ஹேர்ட்ஸ்தான். யூஎஸ்பியில் தொனி 1000இல் இருந்து 1120க்கு ஏறினால் செட் 120 ஹேர்ட்ஸ் கீழே இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். விடியும் நேரத்திலும் பொழுது சாயும் நேரத்திலும் அயன மண்டலமே ஏறி இறங்குவதால் ஓரிரு ஹேர்ட்ஸ் ஆடும். அதைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

40 மீற்றர் மட்டும் உள்ள, வீட்டில் கட்டிய செட்டுக்கு 10 மெகாஹேர்ட்ஸ் கேட்காது. அப்போது ஒரு மணி நேரம் சூடேறிய இன்னொரு நல்ல செட்டை டம்மி லோடில், அதாவது அன்டனாவுக்குப் பதிலாக மாட்டும் தடையில், மிகக் குறைந்த வலுவில் வைத்து அதைக் கேளுங்கள், அல்லது விஎஃப்ஓவில், அதாவது குமிழைத் திருப்ப மீடிறனை மாற்றித் தரும் சுற்றில், மீடிறன் எண்ணியை மாட்டுங்கள். எண்ணிக்கும் உள்ளே ஒரு கிறிஸ்டல்தான் இருக்கிறது, அதையும் முன்கூட்டியே போட்டுச் சூடேற விட வேண்டும்.

ஒரு கொப்பியும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு நிரல்: மணி, அறை வெப்பம், தொனி, செட்டின் முனையில் வோல்ட். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை என்று இரண்டு மணி நேரம் எழுதுங்கள். இதைச் செய்யப் பொறுமை இல்லாமல் பாகங்களை மாற்றத் தொடங்கியவர்கள் ஒரு வாரம் கழித்தும் அதே இடத்தில் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கொப்பிதான் உண்மையான கருவி.

போட்டவுடன் ஓடுகிறது, அரை மணியில் நின்றுவிடுகிறது

இது பிழை இல்லை. உள்ளே சூடு பரவி ஒரு நிலைக்கு வரும்வரை எந்த செட்டும் நகரும். விஎஃப்ஓ வைத்த பழைய செட்களில் முதல் ஒரு மணி நேரத்தில் ஒரு கிலோஹேர்ட்ஸ் வரை நகர்வது அந்தக் காலத்தில் தயாரித்தவர்களே ஏற்றுக்கொண்ட அளவு. அதற்குப் பிறகு அரை மணிக்கு 100 ஹேர்ட்ஸுக்குள் நின்றால் செட் நல்ல உடம்போடு இருக்கிறது. நுவரெலியாவில் தை மாதத்து விடியலில், புல்லில் உறைபனி படிந்திருக்கும் நாளில், குளிர்ந்த செட் நிலைக்கு வரக் கொழும்பில் இருப்பதை விட நேரம் எடுக்கும். நெட், அதாவது எல்லோரும் கூடிப் பேசும் நேரம், ஆறரைக்கு என்றால் செட்டை ஐந்தரைக்குப் போடுங்கள். வேறு மருந்து தேவையில்லை.

நிற்கவே மாட்டேன் என்கிறது. காலையில் ஒரு பக்கம், மாலையில் மறு பக்கம்

மலையகத்தில் நான் பார்க்கும் நழுவல்களில் பெரும்பாலானவை இந்த வகை. குற்றவாளி பெரும்பாலும் அறை.

கடற்கரைப் பக்கம் பகலுக்கும் இரவுக்கும் வெப்பத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. எங்களுக்கு அப்படி இல்லை. அதிலும் தகரக் கூரை போட்ட தோட்ட லயத்து அறையில் காலை ஆறரைக்கு 14 பாகை இருக்கும், வெயில் கூரையில் பட்டவுடன் ஒன்பதரைக்கு 23 பாகை ஆகிவிடும். மூன்று மணி நேரத்தில் 9 பாகை. இது விஎஃப்ஓவுக்கு என்ன செய்கிறது என்று கணக்குப் பார்ப்போம்.

சுருளும் கொள்ளளவியும் சேர்ந்து மீடிறனைத் தீர்மானிக்கும் சாதாரண விஎஃப்ஓ ஒன்று 5 மெகாஹேர்ட்ஸில் ஓடுகிறது என்று வையுங்கள். சுருள் மஞ்சள் நிற வளையத்தில், அதாவது டி50-6 வகையில் சுற்றியிருக்கிறது. அந்தப் பொருளின் தூண்டல் ஒரு பாகைக்குப் பத்து இலட்சத்தில் 35 பங்கு கூடும். தூண்டலில் ஏற்படும் மாற்றத்தில் பாதிதான் மீடிறனில் தெரியும். ஆகவே பாகைக்குச் சுமார் 87 ஹேர்ட்ஸ் கீழே இறங்கும். 9 பாகைக்கு ஏறத்தாழ 790 ஹேர்ட்ஸ். அதே சுருளைச் சிவப்பு வளையத்தில், டி50-2இல் சுற்றியிருந்தால் பாகைக்கு 95 பங்கு. அப்போது அதே காலையில் 2 கிலோஹேர்ட்ஸுக்கு மேல் போயிருக்கும். கையில் கிடைத்த வளையம் என்று சிவப்பைப் போட்டவர்கள் இதைக் கவனியுங்கள். சுற்றுத் தொகையைச் சரிசெய்து மஞ்சளுக்கு மாற்றினாலே பாதி நோய் தீரும்.

ஒரு விஷயம் குழப்பும். விஎஃப்ஓ கீழே இறங்கினால் செட் கீழே இறங்க வேண்டும் என்பதில்லை. 12 மெகாஹேர்ட்ஸ் இடைநிலை மீடிறனில் இருந்து 5 மெகாஹேர்ட்ஸைக் கழித்து 7 மெகாஹேர்ட்ஸ் எடுக்கும் செட்டில் விஎஃப்ஓ இறங்கினால் செட் மேலே ஏறும். ஹைதராபாத்தைச் சேர்ந்த அஷார் ஃபர்ஹானின் பிட்எக்ஸ் வடிவமைப்பைப் பார்த்துக் கட்டிய 40 மீற்றர் செட்கள் எங்கள் பக்கத்தில் உண்டு. அவற்றிலும் இந்தக் கழித்தல் கணக்குத்தான். எந்தப் பக்கம் நகர்கிறது என்று கொப்பியில் எழுதும்போது இதை மனதில் வையுங்கள்.

அறைதான் காரணமா என்று உறுதிப்படுத்தச் செலவில்லாத ஒரு வழி: செட்டை இரண்டு மணி நேரம் சூடேற விட்டு, பெறும் நிலையில் மட்டும் வைத்து, ஜன்னலைத் திறந்து விடுங்கள். குளிர்காற்று உள்ளே வந்ததும் தொனி நகரத் தொடங்கி, மூடியதும் திரும்பி வந்தால் விசாரணை முடிந்தது.

இப்போது எந்தப் பாகம் என்று பார்க்க வேண்டும். மூடியைத் திறந்து, குளிர்பானம் குடிக்கும் ஸ்ட்ரோ ஒன்றை எடுத்து ஒரு பாகத்தின் மேல் மட்டும் மெதுவாக ஊதுங்கள். சுருள் மேல் ஒரு மூச்சு, கொள்ளளவி மேல் ஒரு மூச்சு, ட்ரான்சிஸ்டர் மேல் ஒரு மூச்சு. ஒவ்வொரு மூச்சுக்குப் பின்னும் அரை நிமிடம் பொறுங்கள். பஞ்சுக் குச்சியில் ஸ்பிரிட் தொட்டு ஒரு பாகத்தின் உடம்பில் வைத்தால் அது ஆவியாகும்போது அந்த ஒரு பாகம் மட்டும் குளிரும், இன்னும் தெளிவாகத் தெரியும். நான் கட்டிய செட் ஒன்றில் சுருள்தான் என்று இரண்டு மாதம் நம்பிக்கொண்டிருந்தேன். பஞ்சுக் குச்சியை 100 பிக்கோஃபரட் செராமிக் வில்லை ஒன்றின் மேல் வைத்ததும் தொனி 300 ஹேர்ட்ஸ் துள்ளியது. பழுப்பு நிறத்தில், குறியீடு அழிந்துபோய், பழைய டீவி போர்டில் இருந்து கழற்றிய வில்லை அது. மலிவு செராமிக் கொள்ளளவிகளை விஎஃப்ஓவின் மீடிறன் சுற்றில் போடவே கூடாது. அங்கே போக வேண்டியது என்பி0 அல்லது சி0ஜி வகை. பாகைக்குப் பத்து இலட்சத்தில் 30 பங்குக்கு மேல் மாறாது. பழைய சில்வர் மைக்கா கிடைத்தாலும் நல்லதுதான், ஆனால் ஒவ்வொன்றையும் ஊதிப் பார்த்துப் போடுங்கள்.

சுருள் எப்படியும் கொஞ்சம் நகரும். அதை எதிர்த்திசையில் நகரும் கொள்ளளவியால் ஈடுகட்டலாம். பொலிஸ்டைரீன் கொள்ளளவி பாகைக்குச் சுமார் 150 பங்கு குறையும். மஞ்சள் வளையத்தின் 35 பங்கை ஈடுகட்ட, மொத்தக் கொள்ளளவில் கால்வாசிக்குக் கொஞ்சம் குறைவாகப் பொலிஸ்டைரீன், மீதி என்பி0 என்று வைத்தால் ஏறத்தாழச் சமன் ஆகும். முதல் தடவையிலேயே சரியாக வராது. கொப்பியைப் பார்த்து, எந்தப் பக்கம் மிஞ்சுகிறது என்று கண்டு, பங்கைக் கொஞ்சம் கூட்டிக் குறைத்து இரண்டு மூன்று நாள் செய்ய வேண்டிய வேலை. பொலிஸ்டைரீன் சூட்டுக்கு இளகிவிடும். ஈயம் வைக்கும்போது காலை இடுக்கியால் பிடித்துக்கொள்ளுங்கள், சூடு இடுக்கியில் இறங்கட்டும்.

புதிதாகச் சுற்றிய சுருளில் கம்பி இறுகிச் சுற்றப்பட்டதால் உள்ள விறைப்பு மெதுவாகத் தளர்ந்து பல நாள் நகர்ந்துகொண்டே இருக்கும். சுற்றிய வளையத்தைக் கொதிதண்ணீரில் சில நிமிடம் போட்டு எடுத்து, தானாக ஆற விட்டு, நன்றாக உலர்த்தினால் அந்த விறைப்பு போய்விடும். நுவரெலியாவில் தண்ணீர் 94 பாகையிலேயே கொதித்துவிடும், அதுவே போதும். பிறகு தேன்மெழுகை உருக்கி மேலே ஒரு பூச்சு. மெழுகு கம்பியை அசையாமல் பிடிக்கும், ஈரத்தையும் தள்ளும்.

கடைசியாகப் பெட்டி. என் விஎஃப்ஓ இன்றும் ஒரு பால்மா டின்னுக்குள்தான் இருக்கிறது. மூடியை ஈயம் வைத்து அடைத்து, வெளியே இரண்டு சென்றிமீற்றர் ரெஜிபோம் என்ற நுரைத் தகடு ஒட்டியிருக்கிறேன். டின் காற்றைத் தடுக்கிறது. ரெஜிபோம் வெப்பம் மாறும் வேகத்தைக் குறைக்கிறது. அறை மூன்று மணி நேரத்தில் 9 பாகை ஏறினாலும் உள்ளே அது மெதுவாகத்தான் போய்ச் சேரும். ஒரு உரையாடல் நேரத்துக்குள் எதிர்முனையில் இருப்பவருக்கு எதுவும் தெரியாது. ஒரு மாலை செலவழித்து இவ்வளவு பலன் தரும் வேறு திருத்தம் எனக்குத் தெரியவில்லை.

7 மெகாஹேர்ட்ஸில் கொஞ்சம், 28 மெகாஹேர்ட்ஸில் நாலு மடங்கு

டிஜிட்டல் முறையில் மீடிறனை உண்டாக்கும் புதிய செட்களில் எல்லாம் ஒரே தாய்க் கிறிஸ்டலில் இருந்து பிறக்கின்றன. தாய் நகர்ந்தால் எல்லாப் பாண்டும் அதே விகிதத்தில் நகரும். பத்து இலட்சத்தில் ஒரு பங்கு என்றால் 7 மெகாஹேர்ட்ஸில் 7 ஹேர்ட்ஸ், 28இல் 28, 144இல் 144. ஆகவே இரண்டு பாண்டில் அளந்து பாருங்கள். பிழை விகிதப்படி கூடினால் தாய்க் கிறிஸ்டல்; எல்லாப் பாண்டிலும் ஒரே அளவாக இருந்தால் பழைய பாணி விஎஃப்ஓ. ஒரே ஒரு பாண்டில் மட்டும் பிழை என்றால் அந்தப் பாண்டுக்கான கிறிஸ்டல்.

மீடிறனை உண்டாக்கும் எஸ்ஐ5351 சில்லு வைத்துக் கட்டிய செட்களில் 25 மெகாஹேர்ட்ஸ் சாதாரணக் கிறிஸ்டல்தான் பெரும்பாலும் இருக்கும். அது ஆம்ப்ளிஃபையரின் சூட்டை வெளியேற்றும் தகட்டுக்குப் பக்கத்தில் இருந்தால் ஒவ்வொரு அனுப்பலுக்கும் நகரும். போர்டைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள், கிறிஸ்டல் மேல் சிறிய ரெஜிபோம் தொப்பி ஒன்று போடுங்கள். அதுவும் போதாவிட்டால் டிசிஎக்ஸ்ஓ என்ற வெப்ப ஈடு செய்த கிறிஸ்டல் ஒசிலேட்டர் ஒன்றை வாங்கிப் பொருத்துவது நல்லது. கடையில் வாங்கிய செட்டுக்கு அதே கம்பனியின் டிசிஎக்ஸ்ஓ துணைப்பாகமாகக் கிடைத்தால் அதைப் போடுங்கள், வேறு வித்தை வேண்டாம்.

திடீரென்று துள்ளுகிறது, திரும்பியும் வருகிறது

வெப்பம் மெதுவாக நகர்த்தும். துள்ளல் என்றால் எங்கோ தொடுகை சரியில்லை. செட்டின் பக்கத்தில் மேசையை விரலால் தட்டிப் பாருங்கள். தட்டலுக்குத் துள்ளினால் வெடித்த ஈயப் பற்று, தளர்ந்த ஆணி, அல்லது மாறும் கொள்ளளவியின் சுழலும் தகடுகளுக்கு மின் தொடர்பு தரும் வில் என்று தேட வேண்டும். அந்த வில்லில் பச்சை படிந்திருந்தால் தொடுகைச் சுத்திகரிப்புத் திரவம் ஒரு சொட்டு விட்டு, பத்துத் தடவை முழுச் சுற்றுச் சுற்றுங்கள். தகடுகளின் மேல் தெளிக்காதீர்கள்.

தட்டாமலே, மழை நாளில் மட்டும் துள்ளி அலைந்தால் அது ஈரம். வைகாசியில் தென்மேற்குப் பருவம் தொடங்கினால் மஸ்கெலியா, நோர்வூட் பக்கத்தில் துணி காய வாரக் கணக்காகும். போர்டும் அதே காற்றைத்தான் சுவாசிக்கிறது. ஈயம் வைத்தபோது மிஞ்சிய பசை ஈரத்தை இழுத்து, மீடிறன் சுற்றில் கண்ணுக்குத் தெரியாத ஒரு தடையியாக மாறிவிடும். விறகடுப்புப் புகை படிந்த போர்டு இதைவிட மோசம். அடுப்படிச் சுவருக்கு மறுபக்கம் செட்டை வைக்காதீர்கள். ஐசோபுரப்பைல் அல்கஹோலும் பழைய பல் தூரிகையும் வைத்து, பசை இருந்த இடம் பளிச்சென்று தெரியும்வரை கழுவி, ஒரு நாள் உலர விடுங்கள். பொலிஸ்டைரீன் இருந்தால் வேறு கரைப்பான்கள் பக்கமே போகக் கூடாது, அது கரைந்துவிடும். செட்டைப் பயன்படுத்தாத நாட்களில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூடிய பெட்டியில் வைப்பது என் வழக்கம். பொட்டலங்களை மாதம் ஒரு தடவை காய வைத்துத் திரும்பப் போட வேண்டும்.

வால்வு செட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உள்ளே 600 வோல்ட்டுக்கு மேல் இருக்கும், பிளக்கைக் கழற்றிய பின்னும் கொள்ளளவிகளில் தங்கும். தனியாக இருக்கும்போது திறக்காதீர்கள். அவை முழுதாக வடிந்துவிட்டதை மீற்றரில் பார்க்காமல் எதையும் தொடாதீர்கள்.

அனுப்பும்போது மட்டும் நகர்கிறது

கொட்டகலையில் இருந்து ஒரு தம்பி தன் செட்டைத் துணிப்பையில் சுற்றிக் கொண்டுவந்தான். மோர்ஸ் பழகி, தானே கட்டிய செட்.

"அண்ணே, நான் கீ அடிச்சா குருவி கத்துற மாதிரி இருக்காம். விஎஃப்ஓ ட்ரான்சிஸ்டரை ரெண்டு தரம் மாத்திட்டேன்."

"பேட்டரியில ஓடுறப்பவா, கரண்ட்லயா?"

"ரெண்டுலயும்தான். பேட்டரில கூட."

மீற்றரை விஎஃப்ஓவின் மின்னூட்டத்தில் வைத்துக் கீயை அழுத்தச் சொன்னேன். 10.9 வோல்ட் இருந்த இடத்தில் 10.3 ஆனது. வோல்ட்டைச் சீராக வைக்கும் ரெகுலேட்டரைப் பார்த்தால் 7812, 12 வோல்ட் தரும் வகை. அந்த வகை ரெகுலேட்டர் வேலை செய்ய உள்ளே வருவது வெளியே போவதைவிட ஏறத்தாழ 2 வோல்ட் கூடுதலாக இருக்க வேண்டும். 12 வோல்ட் பேட்டரியில் 7812 எதையும் சீராக்காது, பேட்டரி ஆடுகிறபடி தானும் ஆடும். 8 வோல்ட் தரும் 7808 ஒன்றைப் போட்டோம். மீற்றரில் 8.0, கீ அழுத்தினாலும் 8.0. அவன் நாலு தடவை அழுத்திப் பார்த்தான். அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன்.

வோல்ட்டுக்கு ஏற்பக் கொள்ளளவு மாறும் வராக்டர் டயோடால் இசைக்கும் விஎஃப்ஓவில் இது இன்னும் கூர்மை. 8 வோல்ட்டில் 200 கிலோஹேர்ட்ஸ் நகரும் சுற்றில் சராசரியாக ஒரு மில்லிவோல்ட்டுக்கு 25 ஹேர்ட்ஸ். 10 மில்லிவோல்ட் சரிந்தால் 250 ஹேர்ட்ஸ், குரல் கெட்டுவிடும். வராக்டருக்கு என்றே ஒரு தனி ரெகுலேட்டர் வையுங்கள். அதில் வேறு எதையும் மாட்டாதீர்கள்.

வெளியில் இருந்து வரும் வோல்ட்டையும் பாருங்கள். எங்கள் பக்கம் மாலை ஏழு மணிக்கு எல்லா வீட்டிலும் விளக்கும் ஹீட்டரும் போட்டதும் 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 195 வருவதை நானே அளந்திருக்கிறேன். அந்த நேரத்தில் ட்ரான்ஸ்ஃபோர்மர் வைத்த பவர் சப்ளை 13.8ஐப் பிடித்து நிற்க முடியாமல் அனுப்பும்போது சரியும். 100 வாட் செட் 20 அம்பியர் இழுக்கும். கம்பியில் 0.05 ஓம் இருந்தாலே ஒரு வோல்ட் அங்கே போய்விடும். ஆகவே பவர் சப்ளையில் அளந்தால் போதாது, செட்டின் முனையில், அனுப்பும்போது அளக்க வேண்டும். நன்றாகச் சார்ஜ் ஏறிய பேட்டரியில் ஓட்டிப் பார்த்து நோய் மறைந்தால் செட்டைத் தொடவே தேவையில்லை.

வோல்ட் அசையவில்லை, இன்னும் நகர்கிறது என்றால் அன்டனாவைக் கழற்றி டம்மி லோடை மாட்டுங்கள். நகர்வு நின்றால் அன்டனாவில் இருந்து வலு கேபிள் வழியாகத் திரும்பி வந்து விஎஃப்ஓவுக்குள் நுழைகிறது. லயத்துப் பின்னால் இடம் இல்லாமல் ஒரு முனைக் கம்பியை நேரே செட்டுக்கு இழுப்பவர்களுக்கு இது அடிக்கடி வரும். எதிர்க் கம்பி ஒன்றைத் தரையில் விரித்து, கேபிளை ஃபெரைட் வளையத்தில் பத்துச் சுற்றுச் சுற்றினால் பெரும்பாலும் அடங்கும். டம்மி லோடிலும் நகர்ந்து, நகர்வு மெதுவாக ஒரே பக்கம் போனால் அது ஆம்ப்ளிஃபையரின் சூடு. உடனே துள்ளி, விட்டதும் உடனே திரும்பினால் விஎஃப்ஓவுக்கும் அடுத்த கட்டத்துக்கும் நடுவே அவற்றைப் பிரித்து வைக்கும் பஃபர் போதவில்லை.

குரல் மாறுகிறது, இரைச்சலின் நிறமும் மாறுகிறது

இதற்குக் காதுதான் கருவி. நிலையம் இல்லாத இடத்தில் வெறும் இரைச்சலைக் கேளுங்கள். விஎஃப்ஓ நழுவினால் நிலையத்தின் சுருதி மாறும், இரைச்சல் அப்படியே இருக்கும். பிஎஃப்ஓ, அதாவது பேச்சை மீட்டெடுக்க உதவும் இன்னொரு ஒசிலேட்டர், நழுவினால் கிறிஸ்டல் ஃபில்டருக்கும் அதற்கும் உள்ள இடைவெளி மாறுவதால் இரைச்சலே கட்டைக் குரலாகவோ கீச்சாகவோ மாறும். இரைச்சல் மாறினால் விஎஃப்ஓவை விட்டுவிட்டு பிஎஃப்ஓ கிறிஸ்டலையும் அதன் ட்ரிமரையும் ஊதிப் பாருங்கள்.

பேச்சு சரி, எஃப்டி8 மட்டும் விழவில்லை

எஃப்டி8 என்பது கணினி வழியாகச் செய்தி அனுப்பும் டிஜிட்டல் முறை. முதலில் கணினியின் கடிகாரம். இரண்டு விநாடிக்கு மேல் பிசகினால் ஒன்றும் விழாது, அதற்கும் மீடிறனுக்கும் சம்பந்தம் இல்லை. கடிகாரம் சரி என்றால், எஃப்டி8இன் தொனிகளுக்கு நடுவே 6.25 ஹேர்ட்ஸ்தான் இடைவெளி, ஒரு அனுப்பல் 12.64 விநாடி. அதற்குள் சில ஹேர்ட்ஸ் நகர்ந்தாலே மறுமுனை திணறும். குறைந்த வலுவில் சமிக்ஞை அனுப்பிச் சோதிக்கும் டபிள்யூஎஸ்பிஆர் முறையில் ஒரு இரவு அனுப்பிப் பாருங்கள். அதைக் கேட்கும் நிலையங்கள் நிமிடத்துக்கு எத்தனை ஹேர்ட்ஸ் நகர்ந்தீர்கள் என்பதையும் சேர்த்தே பதிகின்றன. பல நாட்டு நிலையங்கள் ஒரே எண்ணைச் சொன்னால் அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

எல்லாம் முடிந்த பிறகுதான் ட்ரிமர். செட்டை ஒரு மணி நேரம் போட்டு, மூடியைப் போட்ட நிலையில், மூடியில் உள்ள துளை வழியாகப் பிளாஸ்டிக் திருகியை விட்டு, பிபிஎம் தொனி 1000இல் நிற்கும்வரை மெதுவாகத் திருப்புங்கள். உலோகத் திருகி வேண்டாம், அதை எடுத்ததும் மீடிறன் மாறிவிடும். டிஜிட்டல் செட் என்றால் மெனுவில் உள்ள திருத்த எண்ணை மாற்றினால் போதும். பாண்டின் ஓரத்துக்கு மிக அருகில் எப்போதும் அனுப்பாதீர்கள், 4எஸ்7 என்ற இலங்கை அழைப்புக்குறிக்கான அனுமதி உங்கள் பெயரில் இருக்கிறது. அன்றைய திகதி, அறை வெப்பம், தொனி, பழைய திருத்த எண் இவற்றை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி மூடியின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். என் பால்மா டின்னின் உள்ளே இப்போது பதினொரு வரி இருக்கிறது.